தாவரங்களும் காலநிலை மாறுதலும்

விலங்கினங்கள் தமக்கு ஒவ்வாத சூழல் நேர்ந்தவிடத்து அதனைவிட்டு நீங்கும் ஆற்றல் உடையன. வெயில் மிகுந்தால் மாடு நிழலை நாடும். குளம் வற்றினால் கொக்கு வேறு குளம் தேடும். முளைத்த இடத்திலேயே நின்று வாழ்ந்து முடியவேண்டிய தாவரத்துக்கோ அவ்வாற்றல் இல்லை. ஆதலின், காலநிலை மாறுமிடத்து அது யாது செய்யும் என்பது உயிரியலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. தோட்டத்தையும் வயலையும் நம்பி வாழும் உடுவில் மக்களுக்கும் உரிய வினாவாகும்.

தாவரத்துக்கு முன்னுள்ள வழிகள் மூன்று. நின்ற இடத்திலேயே தன் உடற்றொழிலை மாற்றித் தாங்கிக்கொள்ளல் ஒன்று. தளிர்க்கும் காலத்தையும் பூக்கும் காலத்தையும் முன்பின்னாக மாற்றிக்கொள்ளல் மற்றொன்று. தான் நகராவிடினும் தன் வித்துக்களை ஏற்ற நிலத்திற் பரப்பித் தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்தல் மூன்றாவது. இம்மூன்றுங் கைகூடாத இனம் அவ்விடத்தினின்று மறைந்துபோம்.

மூன்றாவது வழிக்குச் சிறந்த சான்று ஒன்று நமக்கு அண்மையிலேயே, பாக்குநீரிணைக்கு அப்பால், நீலகிரி மலையிற் கிடைத்துள்ளது. அதனைத் தேடியெடுத்தவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சூழலியலறிஞர் இராமன் சுகுமார். சென்னையிற் பிறந்த இவர் யானைகளைப்பற்றிய ஆராய்ச்சியாற் பெரும்புகழ் பெற்றவர். யானையை ஆராய்பவர் யானை தின்னும் புல்லையும் மரத்தையும் ஆராயாது விடல் இயலாதன்றோ! இவரும் இவருடன் உழைத்தோரும் 1993ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்திய மலைத் தாவரங்கள் கடந்த 20,000 ஆண்டுகளாகக் காலநிலைக்கு எவ்வாறு இசைந்து மாறிவந்தன என்பதைக் காட்டுகின்றது.

நீலகிரியில் 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள சாண்டிநல்லா முதலிய பள்ளத்தாக்குகளிற் சதுப்பு நிலங்கள் உள. அங்கே ஆண்டுதோறும் மடியும் புல்லும் இலையும் நீருள் அமிழ்ந்து, ஒட்சிசன் போதாமையால் முற்றும் உக்கிப்போகாமல், கரிய மண்ணாகப் படைமேற் படையாகப் படிந்துவருகின்றன. அடிப்படை பழையது, மேற்படை புதியது. ஒவ்வொரு படையின் வயதையும் கதிர்வீசும் காபனைக்கொண்டு கணிக்கலாம். அப்படையில் மடிந்து கிடப்பது எவ்வகைத் தாவரம் என்பதை எவ்வாறு அறிவது? ஈண்டே இவ்வாராய்ச்சியின் நுட்பம் உளது.

பச்சைத் தாவரங்கள் யாவும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று உணவு ஆக்குவனவேனும், அதனை ஒரே முறையில் ஆக்குவனவல்ல. நெல், வெங்காயம், புகையிலை, மா, வேம்பு, பனை முதலிய பெரும்பாலானவை முதலில் மூன்று காபன் அணுக்களையுடைய பொருளொன்றை ஆக்குகின்றன. கரும்பு, சோளம், குரக்கன், சாமை, வரகு, தினை ஆகியனவும் வெப்பநாட்டுப் புற்கள் பலவும் முதலில் நான்கு காபன் அணுக்களையுடைய பொருளை ஆக்குகின்றன. இவ்விரண்டாம் முறையைக் கரும்பில் ஆராய்ந்து 1966இல் விளக்கியவர்கள் அவுஸ்திரேலியாவில் உழைத்த ஹட்ச், சிலாக் என்னும் இருவராவர். நாற்காபன் முறையுடையவை குறைந்த நீரைக்கொண்டு மிகுந்த வெயிலிற் செவ்வனே வளரக்கூடியவை. காற்றிற் காபனீரொட்சைட்டு குறைந்தாலும் அவை எளிதில் இளைப்பதில்லை.

இனி, காற்றிலுள்ள காபனில் நூற்றில் ஒரு பங்கு அளவானது சற்றுப் பாரமான காபன்-13 ஆகும். முக்காபன் தாவரங்கள் இப்பாரமான காபனைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன. நாற்காபன் தாவரங்கள் அத்துணை ஒதுக்குவதில்லை. இவ்வேறுபாடு தாவரம் மடிந்து மண்ணானபின்னும் அழிவதில்லை. ஆகவே, ஒரு படையிலுள்ள காபன்-13இன் அளவை அறிந்தால், அக்காலத்தில் அங்கே முக்காபன் இனங்கள் மிகுந்திருந்தனவா, நாற்காபன் புற்கள் மிகுந்திருந்தனவா என்பது புலப்படும். பூவுமின்றிக் காயுமின்றி, வெறுங்கரிய மண்ணைக்கொண்டே பண்டைய தாவரத்தை அறியும் இம்முறை வியத்தற்குரியது.

அவ்வாறு அளந்தபோது, பனியூழியின் உச்சத்தில், அஃதாவது இற்றைக்கு ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், நீலகிரியில் மழை குன்றி வறண்ட நாற்காபன் புற்கள் ஓங்கியிருந்தமை தெரியவந்தது. பின்னர்ப் பருவமழை வலுத்தது. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரத்தை விரும்பும் முக்காபன் தாவரங்கள் மிகுந்திருந்தன. அதன்பின் மீண்டும் வறட்சி வந்து, மீண்டும் புல் பரந்தது. இன்றும் நீலகிரியின் உச்சிகளிற் பள்ளங்களிலே சோலையும் சரிவுகளிலே புல்வெளியும் இருப்பதைக் காண்போர், அவை என்றும் அவ்வாறே இருந்தன என்று எண்ணுதல் இயல்பு. உண்மையோ, சோலையும் புல்வெளியும் மழையைப் பொறுத்து ஒன்றன் இடத்தை ஒன்று பற்றுவதும் விடுவதுமாக இருந்தன.

பழமையை அறிதலோடு சுகுமார் அமையவில்லை. 1988ஆம் ஆண்டு தொடக்கம் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேயர் நிலத்தைக் குறித்து, அதில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புடைய கன்று முதல் பெருமரம் ஈறாக 25,000க்கு மேற்பட்டவற்றுக்கு இலக்கமிட்டு, எது வளர்ந்தது, எது மடிந்தது, எது தீயிற் பட்டது, எது யானையால் முறிந்தது என்று தொடர்ந்து பதிந்துவரச் செய்தார். இத்தகைய வேலையில் ஆரவாரம் இல்லை. ஆயின் வறட்சி ஒன்று வந்துபோனபின் காடு யாதாயிற்று என்று கேட்பார்க்கு விடைகூறக்கூடியது இத்தகைய பதிவு ஒன்றே.

நீலகிரியை விட்டு உடுவிலுக்கு வருவோம். பனியூழி முடிந்து உலகம் ஐந்தாறு பாகை வெப்பமடையப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன. மலைச்சரிவிலே சோலை ஏறவும் இறங்கவும் காலமும் இடமும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்னரோ, உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகைக்கு மேற் கூடிவிட்டது. உடுவிலில் ஏறிச்செல்ல மலை இல்லை; கடல்மட்டத்துக்கு மேற் சில மீற்றரே உயர்ந்த சமநிலம் இது. சற்று வடக்கே சென்றாற் காங்கேசன்துறைக் கடல். எனவே நம் மரங்களுக்கு மூன்றாவது வழி ஏறக்குறைய அடைபட்டதென்றே கொள்ளல் வேண்டும். எஞ்சியவை தாங்குதலும், காலம் மாற்றுதலுமே.

தாங்குதலை முதலிற் பார்ப்போம். ஹவாயித் தீவிலுள்ள மௌனலோவா மலையில் 1958ஆம் ஆண்டு சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றிற் பத்துலட்சத்தில் 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. இதனை இலைகள் உணர்ந்துள்ளன. கேம்பிரிட்ச் நகரில் உலர்த்திப் பேணப்பட்ட பழைய இலைகளை ஆராய்ந்த வூட்வேட் என்பவர், இருநூறு ஆண்டுகளில் அம்மரங்களின் இலைவாய்கள் நூற்றுக்கு நாற்பது அளவிற் குறைந்தமையை 1987இற் காட்டினார். இலைவாய் குறைந்தால் நீரிழப்புங் குறையும். இதுகொண்டு, காபனீரொட்சைட்டு மிகுதல் பயிருக்கு நன்மையே என்று வாதிப்பாரும் உளர். அது பாதி உண்மை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், வளரும் பருவத்தின் இரவு வெப்பம் ஒரு பாகை கூடியபோது விளைச்சல் நூற்றுக்குப் பத்து அளவிற் குறைந்ததை 2004இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. பகலில் ஈட்டியதை இரவுச் சுவாசத்திற் செலவிட்டுவிடுதல் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படும். பகல் வெயிலையே நாம் பேசுகின்றோம். நெற்பயிரோ இரவின் புழுக்கத்தையுங் கணக்கிற் கொள்கின்றது.

இதனோடு நீரையுஞ் சேர்த்து எண்ணல் வேண்டும். வற்றாத ஆறு இல்லாத நம் குடாநாட்டில், ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மாரி செம்மண்ணூடு இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் உண்டென்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாற் கீழே நாற்பதடி உவர் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். மழை பிந்தினாலும், கடல் உயர்ந்தாலும், இயந்திரங்களால் அளவின்றி இறைத்தாலும் முதலில் வாடுவது உவரைப் பொறாத வெங்காயம். பனை பின்னரும் நெடுநாள் நிற்கும். சாமையையும் குரக்கனையும் ஏழைகளின் உணவென்று ஒதுக்கிய நாம், வெயிலையும் நீர்க்குறைவையும் தாங்கும் நாற்காபன் பயிர்கள் அவையே என்பதை மீள எண்ணிப் பார்த்தல் தகும்.

காலம் மாற்றுதல் இதனினும் நுட்பமானது. மாமரம் பூப்பதற்கு வறண்ட, குளிர்ந்த இரவுகள் சில வேண்டும். மாரி ஓய்ந்தபின் வாடையின் குளிர் அதற்கு அடையாளமாகின்றது. குளிர் குன்றினாலோ, காலந்தவறி மழை பெய்தாலோ, மரம் பூவுக்குப் பதிலாகத் தளிரை விடும். விரிந்த பூவும் மழையிற் கொட்டுண்ணும். தாவரம் அடையாளத்தைப் பிழையாக உணர்தல் நம் புலவர் அறியாததன்று. பருவமல்லாப் பருவத்துப் பெய்த மழையைக் கார்காலமென்று கொண்டு பூத்த கொன்றையை மடமையுடையதென்று தோழி கூறித் தலைவியைத் தேற்றுவதைக் குறுந்தொகையின் 66ஆம் பாட்டிற் காணலாம். அத்தோழி சூழலியல் கற்றவளல்லள். ஆயின் இன்றைய ஆராய்ச்சியாளர் கேட்கும் கேள்வியை அவள் தொட்டிருக்கின்றாள்.

ஓராண்டு கொன்றை முந்திப் பூத்தமையாலோ, 2020ஆம் ஆண்டின் புரேவிப் புயலைப் போல ஒரு புயல் வந்தமையாலோ காலநிலை மாறிற்று என்று முடிவுகட்டல் கூடாது. பல ஆண்டுப் பதிவு வேண்டும். யப்பானியர் கியோத்தோ நகரிற் செரிமரம் பூத்த நாளை ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்து குறித்துவைத்தமையாலேயே, 2021இல் அது மார்ச் 26ஆந் திகதி பூத்தபோது அத்துணை முந்திப் பூத்ததில்லை என்று துணிந்து கூற முடிந்தது. இந்தியாவிற் கேரளப் பாடசாலை மாணவர் பலர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தெரிந்து வாரந்தோறும் நோக்கி எழுதிவருகின்றனர்.

உடுவிலில் இது தொடங்கப்பெறின், வேம்பு, இலுப்பை, பூவரசு, கொன்றை, கறுத்தக்கொழும்பான் மா ஆகிய ஐந்தும் போதும். ஒவ்வொன்றிலும் முதற்றளிர், முதன்மொட்டு, விரிந்த முதற்பூ, முதற்காய் கண்ட நாட்களைக் குறித்தல் வேண்டும். மாரியின் முதன்மழை பெய்த நாளையும், அண்மைக் கிணற்றின் நீர்மட்டத்தையும் அதே கொப்பியில் எழுதுதல் நன்று. புதிதாக நடப்படும் பனைவிதைகளின் நாளையும் இடத்தையும் சேர்த்துக் குறிக்கலாம். பனை பூக்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு செல்லும். அதன்பின்னும் நூறாண்டளவு அது நின்று காய்க்கும். இவ்வாண்டு ஊன்றும் விதை காணப்போவது 2100ஆம் ஆண்டின் வெயிலை.