டப்பா நம் கையில், சாவி யார் கையில்?

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, மேலூரில் கம்ப்யூட்டர் உதிரிப் பொருள் கடை வைத்திருக்கும் இளம் உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, கேம் சி.டி. கேட்டு இன்னும் மாசத்துக்கு ரெண்டு பேர் மூணு பேர் வர்றாங்க. சரக்கு வாங்கி அடுக்கலாமா, இல்ல டவுன்லோடு பண்ற நம்பரை மட்டும் வித்துட்டுப் போயிரலாமா?"

நின்ற நிலையில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி அல்ல இது. இந்தச் சரக்கில் நாம் பட்டதையும், பட்ட பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். மளிகை, ஜவுளி வியாபாரிகள் "இது நமக்கு எதற்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடும் டாலி கணக்கு புரோகிராமும் இதே இனத்துச் சரக்குதான்.

பழைய முறை நமக்கெல்லாம் தெரிந்தது. ஒரு சி.டி.யில் 700 எம்.பி. வரை கொள்ளும். ஒரு டி.வி.டி.யில் 4.7 ஜி.பி.; இரட்டை அடுக்கு என்றால் 8.5. விளையாட்டு முழுவதும் அந்தத் தட்டிலேயே இருந்தது. வாங்கியவர் வீட்டில் போட்டு விளையாடினார். சலித்தால் நண்பனுக்குக் கொடுத்தார். பாதி விலைக்கு விற்கவும் செய்தார். மதுரையில் பையன்கள் ஒரு தட்டை மூன்று பள்ளிக்கூடம் சுற்ற விட்டதை நாம் பார்த்திருக்கிறோம். விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் கணக்கு கல்லாவிலேயே முடிந்தது.

சட்டமும் அப்படித்தான் பார்த்தது. டாடா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் நடந்த விற்பனை வரி வழக்கில், 2004 நவம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பளித்தது. தட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் புரோகிராம் "சரக்கு"தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்பது தீர்ப்பு. வரி கட்ட வேண்டி வந்ததே என்று அன்று நம்மில் பலர் முணுமுணுத்தோம். ஆனால் சரக்கு என்று சொல்லிவிட்டால், அதற்கு உடைமையும் உண்டு, மறுவிற்பனையும் உண்டு என்றல்லவா பொருள்.

அதே மாதம் 16-ஆம் தேதி அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. வால்வ் என்ற கம்பெனி "ஹாஃப் லைஃப் 2" என்ற விளையாட்டை வெளியிட்டது. கடையில் காசு கொடுத்துத் தட்டு வாங்கினாலும், அந்தக் கம்பெனி 2003-ல் தொடங்கியிருந்த "ஸ்டீம்" என்ற இணையக் கடையில் பெயரைப் பதிந்து, டப்பாவிலுள்ள எண்ணைக் கொடுத்தால்தான் விளையாட்டு திறக்கும். ஒருவர் பெயரில் பதிந்த எண் வேறொருவருக்கு ஆகாது. தட்டு கையில் இருக்கும், விற்கலாம். வாங்குகிறவனுக்கு அதனால் பயனில்லை. நம் நாட்டில் தட்டு சரக்கு என்று தீர்ப்பான 11 நாளில், தட்டைச் சரக்கு அல்லாததாக்கும் முறை உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. நமக்கு இது விளங்க 11 ஆண்டுகள் ஆயின.

அவ்வளவு தாமதம் ஏன் என்றால், நம்மைக் காப்பாற்றி வந்தது மந்தமான இணைய இணைப்பு. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. அந்த வேகத்தில் ஒரு டி.வி.டி. அளவை இறக்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2015-ல் வந்த "ஜி.டி.ஏ. 5" கம்ப்யூட்டருக்கு 7 டி.வி.டி.யாக வந்தது, ஏறக்குறைய 60 ஜி.பி. பழைய வேகத்தில் அதை இறக்க இரவு பகலாக 22 நாள்! நடுவில் கரண்டு போகாமல் இருக்க வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் டவுன்ஹால் ரோட்டுக்குப் பஸ் ஏறி வந்தார். இன்று 100 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் அதே 60 ஜி.பி. ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை அடித்து நொறுக்கியது. இந்த இரண்டுக்கும் பிறகு, தட்டை நம்பிய வியாபாரம் மிச்சமில்லை.

இனி நமது அனுபவம். 2015 தீபாவளிக்குச் சென்னை விநியோகஸ்தர் ஒருவரிடம் ஒரு புது விளையாட்டு 40 டப்பா எடுத்தோம். உசிலம்பட்டியிலுள்ள சில்லறைக் கடைக்காரர் நம்மிடம் 10 வாங்கிப் போனார். நல்ல வழவழப்பான டப்பா, உள்ளே தட்டு. நாம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அரிசி வியாபாரி மூட்டையில் குத்தூசி போடாமல் லோடு இறக்குவாரா? நாம் இறக்கினோம்.

பண்டிகை கழிந்து நாலாம் நாள் அந்தச் சில்லறைக் கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரை அழைத்துக் கொண்டு நம் கடைக்கே வந்துவிட்டார். அருகிலுள்ள கிராமத்தில் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர். பிளஸ் டூ படிக்கும் மகனுக்காக 1,300 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். தட்டைப் போட்டால் விளையாட்டு வரவில்லை. "பெயரைப் பதி, எண்ணைக் கொடு" என்றிருக்கிறது. பையன் கொடுத்துவிட்டான். பிறகு முப்பது ஜி.பி.க்கு மேல் இறக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறது. அவர்கள் வீட்டில் இருந்ததோ மாதம் 2 ஜி.பி. கிடைக்கும் ஒரு டேட்டா கார்டு. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. டப்பாவை நம் மேசையில் வைத்து, "நான் வாங்குனது கேமா, இல்ல கேம் வாங்குறதுக்கு டிக்கெட்டா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. டப்பாவின் பின்புறம், எறும்பு போன்ற ஆங்கில எழுத்தில், இணைய இணைப்பு தேவை என்று போட்டிருந்தது.

விநியோகஸ்தருக்குப் போன் செய்தோம். எண் பதிவாகிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை என்றார். அவர் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயமே. பதிந்த எண்ணை அவர் யாரிடம் விற்பார்? அந்த 1,300-ஐ நாமும் சில்லறைக் கடைக்காரரும் பாதிப் பாதி போட்டுக் கொடுத்து அனுப்பினோம். மிச்சமிருந்த டப்பாக்களின் கதை இன்னும் மோசம். மார்கழி கழிவதற்குள் அதே விளையாட்டை இணையக் கடையில் தள்ளுபடி போட்டுக் கால் விலைக்குக் கொடுத்தார்கள். நம்மிடம் இருந்த 17 டப்பாவும், தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு போல ஆயின. பட்டாசையாவது கார்த்திகைக்கு வெடிக்கலாம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பின்னர் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானியக் கம்பெனியான கொனாமி வெளியிட்ட "மெட்டல் கியர் சாலிட் 5" விளையாட்டின் கம்ப்யூட்டர் தட்டில், ஸ்டீமை நிறுவும் சிறு புரோகிராம் மட்டுமே இருந்தது, 10 எம்.பி.கூட இல்லை. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆகவே தட்டா, டவுன்லோடா என்ற கேள்வியே பாதிதான் சரி. தட்டில் வந்தாலும் கம்பியில் வந்தாலும், விற்றவன் பிற்பாடு கதவை மூட முடியுமா முடியாதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-ல் "தி க்ரூ" என்ற கார்ப் பந்தய விளையாட்டை விற்றது. 2024 மார்ச் 31-ல் தன் சர்வரை நிறுத்தியது. டவுன்லோடு செய்தவருக்கும் விளையாட்டு இல்லை, தட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தவருக்கும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது. இறக்கிக் கொள்ளும் சரக்கு உடைமை அல்ல, அனுமதி மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று போட்டு விற்கக் கூடாது என்கிறது. அது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரான்சில் ஒரு நுகர்வோர் சங்கம், டவுன்லோடு செய்த விளையாட்டையும் மறுவிற்பனை செய்ய உரிமை வேண்டும் என்று வால்வ் மீது வழக்குப் போட்டு 2019-ல் ஜெயித்தது. 2022-ல் மேல்முறையீட்டில் தோற்றது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. போலந்து நாட்டில் இரண்டு இளைஞர்கள் 1994-ல் சி.டி. புராஜெக்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கி, வெளிநாட்டு விளையாட்டு சி.டி.க்களை இறக்குமதி செய்து விற்றார்கள். நம்மைப் போன்ற விநியோக வியாபாரம்தான். அங்கே திருட்டு சி.டி. மலிந்து கிடந்தது. 1999-ல் "பால்டர்ஸ் கேட்" என்ற விளையாட்டைத் தங்கள் மொழியில் மொழிபெயர்த்து, உள்ளூர் நடிகர்களைப் பேச வைத்து, கனமான டப்பாவில் போட்டு விற்றார்கள். திருட்டுத் தட்டு வாங்கிய ஜனம் இதை வாங்கியது. 2008-ல் அவர்கள் தொடங்கிய "ஜி.ஓ.ஜி." என்ற இணையக் கடையில், இறக்கிய விளையாட்டைப் பூட்டில்லாமல் கொடுக்கிறார்கள். பென்டிரைவில் எடுத்து வைத்துக் கொண்டால் இணையம் இல்லாமலே நிறுவலாம். தட்டே இல்லை, ஆனால் பழைய தட்டின் குணம் இருக்கிறது. தமிழில் அப்படிக் குரல் கொடுத்து டப்பா போட நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது நமது பழைய வருத்தம். போகட்டும்.

மேலூர் நண்பரின் கேள்விக்கு வருவோம். தட்டு வாங்கி அடுக்க வேண்டாம். தட்டுத் தொழிலில் நம் நாட்டிலேயே பெரிய கம்பெனி மோசர் பேர். 28 ரூபாய்க்கு வி.சி.டி., 34 ரூபாய்க்கு டி.வி.டி. என்று அது சினிமாவைப் பெட்டிக்கடை வரை கொண்டு வந்ததை நாம் மறக்கவில்லை. 2018-ல் அதைக் கலைத்துவிட உத்தரவாயிற்று. அவ்வளவு பெரிய கை தாங்காததை நமது ஒற்றை அலமாரி தாங்காது. அதோடு இன்றைய லேப்டாப்பில் தட்டுப் போடும் இடமே அநேகமாகக் கிடையாது. கேட்டு வருபவருக்கு முன்பணம் வாங்கிக் கொண்டு வரவழைத்துக் கொடுக்கலாம். அப்போதும் முழு விளையாட்டும் தட்டிலேயே இருக்கிறதா, பெயர் பதிய வேண்டுமா, இணையம் எத்தனை ஜி.பி. இழுக்கும் என்ற மூன்றையும் விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.

எண் விற்பதில் கையிருப்பு நஷ்டம் இல்லை, லாரி வாடகை இல்லை, லாபமும் சொற்பம். எண்ணைச் சுரண்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதை வாடிக்கையாளரிடம் விற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வரியிலும் கவனம் தேவை. தட்டு ஜி.எஸ்.டி.யில் 8523 என்ற எண்ணின் கீழ் வரும் சரக்கு. அதே புரோகிராம் டவுன்லோடாக வந்தால் அது சேவை. கிஃப்ட் கார்டு, வவுச்சர் வகைக்கு 2024 டிசம்பர் 31 தேதியிட்டு மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வவுச்சரை நாமே வாங்கி விற்பது வேறு, கமிஷனுக்கு விற்றுத் தருவது வேறு. கமிஷனுக்கு வரி உண்டு. பில் புத்தகம் அடிக்கும் முன் ஆடிட்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் நாற்பது விளையாட்டை ஏற்றி வைத்துக்கொண்டு, 100 ரூபாய்க்குக் காப்பி போட்டுக் கொடுக்கும் வேலை சில கடைகளில் நடக்கிறது. காப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி குறைந்தது 6 மாதம், கூடினால் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. சங்கம் இதற்கு ஜாமீனுக்கு வராது, வரவும் கூடாது.

வியாபாரம் எங்கே போயிற்று என்றால், விளையாட்டைத் தாங்கும் சாமான்களுக்குப் போயிருக்கிறது. ஒரு விளையாட்டே நூறு ஜி.பி. பிடிப்பதால் எஸ்.எஸ்.டி. கேட்கிறார்கள், கேம் பேடு, கீபோர்டு, யு.பி.எஸ். கேட்கிறார்கள். இவை கையில் தொட்டுப் பார்த்து வாங்குபவை, பழுதானால் திரும்ப நம்மிடமே வருபவை. நமது கடையில் 2017-லிருந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம்.

உசிலம்பட்டி நண்பர் இப்போதும் நம்மிடம் சரக்கு எடுக்கிறார். எண் விற்கும் பில்லில் மட்டும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடிக்கிறார்: "இது அனுமதி மட்டுமே. இணையம் தேவை. திரும்பப் பெற இயலாது." ஸ்டாம்பைப் பார்த்து வாங்காமல் போனவர்களும் உண்டாம். எவ்வளவு பேர் என்று கேட்டோம். பத்துக்கு ஒருவர் என்றார்.