காப்புறுதி ரத்தானால் நமக்கு அறிவிப்பவர் யார்?

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் கூட்டுறவு புதியதன்று. மலாயாவில் 1922ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, பால்மரம் வெட்டுவோரின் சிறுசேமிப்பு ஒன்றுதிரண்டால் தோட்டத்தையே வாங்கலாம் என்பது மெய்யாயிற்று. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இந்நாளிலும், தொழிலாளரின் சங்கச் சந்தா பலர் கைகளைக் கடந்தே பெட்டிக்கு வந்து சேர்கிறது. அக்கைகளுள் ஒன்று தவறு செய்தால் என்னாவது?

இதற்கென ஒரு காப்புறுதி உண்டு. நேர்மை உத்தரவாதக் காப்புறுதி என்பது அதன் பெயர். தம்மிடம் பணிபுரிபவர் பணத்தைக் கையாடினால் முதலாளிக்கு ஏற்படும் இழப்பை அது ஈடு செய்யும். முற்காலத்தில் பணப்பொறுப்பில் அமர்பவர் தம் உறவினரையோ நண்பரையோ ஜாமீன் நிறுத்த வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டில் லண்டனில் அந்த ஜாமீனையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்று தோன்றியது. இப்பொழுது கொள்ளை, கள்ளக் கையொப்பம், கணினி மோசடி ஆகியவற்றையும் இதனோடு சேர்த்து வணிகக் குற்றக் காப்புறுதி என்ற பெயரில் விற்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தோட்டத்தில் ஆள் அமர்த்தும் குத்தகையாளர் ஒருவர், தொழிலாளரின் சம்பளத்திலிருந்து சந்தாவைப் பிடித்தம் செய்து சங்கத்திற்குச் செலுத்த வேண்டியவர். அப்பணத்தைக் கையாள்பவர் அவருடைய கிராணி. சங்கத்தார் முன்யோசனையுடன், "நேர்மை உத்தரவாதக் காப்புறுதி எடுத்தால்தான் ஒப்பந்தம்" என்கின்றனர். குத்தகையாளரும் ஜனவரி முதல் நாள் தொடங்கும் பத்திரம் ஒன்றைப் பெற்று, அதன் நகலைத் தருகிறார். இழப்பீடு பெற உரியவராகச் சங்கத்தின் பெயரும் அதில் உள்ளது. நகல் கோப்பில் ஏறுகிறது. ஜூன் மாதத்தில் கிராணி பணத்துடன் மறைந்துவிடுகிறார். சங்கத்தார் நகலை எடுத்துக்கொண்டு ஈப்போவிலுள்ள காப்புறுதி நிறுவனத்திற்கு விரைகின்றனர். அங்கே கிடைக்கும் விடை: "இந்தப் பத்திரம் மார்ச் மாதத் தொடக்கத்திலேயே ரத்தாகிவிட்டது."

இது எங்ஙனம் நேர்ந்தது? நம் நாட்டின் பொதுக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில் கட்டண நிபந்தனை ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். பத்திரம் தொடங்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கட்டணம் நிறுவனத்தைச் சென்றடைய வேண்டும். இல்லையேல் பத்திரம் தானாகவே ரத்தாகும். நம் குத்தகையாளர் பத்திரத்தைப் பெற்றாரேயன்றிக் கட்டணத்தைக் கட்டவில்லை. குத்தகையாளர் சங்கத்திற்குக் கடன்பட்டவரே, ஐயமில்லை. ஆயினும் கையில் பணமில்லாதவர்மேல் வழக்காடி எதனைப் பெறுவது?

சட்டம் சங்கத்தைக் காவாதா என வாசகர் வினவலாம். வேறு சில இடங்களில் காக்கவே செய்கிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது. அந்த இந்தியச் சட்டத்திலேயே ஒரு விளக்கம் காணப்படுகிறது. சென்னையிலிருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கிலுள்ள தம் பருத்தியை விற்குமாறு முகவருக்கு எழுதுகிறார். பின்னர் மறு கடிதத்தால் அந்த அதிகாரத்தை நீக்குகிறார். முகவரோ அதனை மறைத்துப் பருத்தியை விற்றுப் பணத்துடன் ஓடிவிடுகிறார். இரண்டாம் கடிதத்தை அறியாது பணம் கொடுத்தவர் நட்டப்பட வேண்டியதில்லை. அவர் கொடுத்தது செல்லும். அதிகாரம் நீங்கியதை அறியும்வரை மூன்றாமவருக்கு அந்நீக்கம் செல்லாது என்பதே அங்கு விதி. தொடர்ந்து நிற்கும் ஜாமீனை விலக்கிக்கொள்பவரும், கடன் கொடுத்தவருக்கு அறிவித்தே வருங்காலப் பொறுப்பிலிருந்து விடுபட முடியும்.

காப்புறுதிக்கு இவ்விதி பொருந்தாது. அது நிறுவனத்திற்கும் பத்திரம் எடுத்தவருக்கும் இடையேயுள்ள உடன்பாடு. நிறுவனமே ரத்துச் செய்தாலும், பதிவுத் தபால் பத்திரதாரருக்குத்தான் போகும். சங்கம் மூன்றாம் தரப்பு. பத்திரத்தில் எழுதிவைக்கப்பட்டாலன்றி அதற்கு அறிவிக்கும் கடமை எவருக்கும் இல்லை. இது நியாயமா என்று கேட்டால், நம்பி நின்றவருக்கு நியாயமாகத் தோன்றாது. ஆனால் உள்ள நிலை இதுவே.

ஆகவே ஒப்பந்தம் செய்யும் வேளையிலேயே அறிவிப்பு உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். "ரத்துச் செய்யுமுன் இன்ன சங்கத்திற்கு, இன்ன முகவரியில், 30 நாட்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்போம்" என்ற இணைப்புத் தாளைக் காப்புறுதி நிறுவனம் பத்திரத்துடன் சேர்த்துத் தர இயலும். அதன் சொற்களை ஊன்றிப் படிக்க வேண்டும். "அறிவிக்க முயல்வோம்" என்பது வேறு, "அறிவிப்போம்" என்பது வேறு. அமெரிக்காவில் வழங்கிய காப்புறுதிச் சான்றுப் படிவத்தில் முன்னைய வகை வாசகம் நெடுங்காலம் இருந்து, பின்னர் நீக்கப்பட்டது. அதனை நம்பி ஏமாந்தோர் பலர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பலரும் சறுக்குவது இங்கேதான். இணைப்புத் தாள் பெரும்பாலும் நிறுவனம் தானே ரத்துச் செய்வதை மட்டுமே குறிக்கும். பத்திரதாரர் தாமாக ரத்துச் செய்தல், 60 நாள் நிபந்தனையால் பத்திரம் தானே முடிதல், ஆண்டு முடிவில் புதுப்பிக்காமல் விடுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்காமல் போகலாம். அவற்றையும் பெயரிட்டு எழுதுமாறு கோருங்கள். நிறுவனம் இசையாவிடில், அவ்வாறு நேர்ந்தால் சங்கத்திற்கு உடனே அறிவிக்கக் குத்தகையாளரையே ஒப்பந்தத்தில் கடமைப்படுத்துங்கள். அதைவிட உறுதியானது கட்டண ரசீது. பத்திரத்தின் நகலை வாங்கும் சங்கம், 60 நாள் கழியுமுன் ரசீதின் நகலையும் வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இக்காப்புறுதி எல்லாவற்றிற்கும் மருந்தாகாது. 1986ஆம் ஆண்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் முடங்கியது. நிர்வாகிகள் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்துச் சங்கத்தை மூழ்கடித்தால், அது ஊழியரின் கையாடல் ஆகாது. அன்றியும், ஓர் ஊழியர் மோசடி செய்ததை முதலாளி அறிந்த கணமே அவ்வூழியரைப் பொறுத்த பாதுகாப்பு நீங்கிவிடும் எனப் பல பத்திரங்கள் கூறுகின்றன. தெரிந்தே அவரைப் பணியில் வைத்திருந்தால், அடுத்த இழப்பு முதலாளியின் தலையில்தான் விழும்.

ரத்து அறிவிப்பு கிடைத்ததும் செய்ய வேண்டியது கணக்குத் தணிக்கை. காப்புறுதி நடப்பிலிருந்த காலத்தில் நிகழ்ந்த கையாடலை, அது முடிந்தபின் 6 மாதத்திற்குள்ளோ 12 மாதத்திற்குள்ளோ கண்டுபிடித்தால் இழப்பீடு கோரலாம் எனப் பல பத்திரங்கள் இடமளிக்கின்றன. கால அளவு பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். எனவே கடிதம் வந்த நாளை உறையின் மேலேயே குறித்து, உறையையும் கோப்பில் வைத்து, அவ்வாரமே செக்ரோலையும் பிடித்தக் கணக்கையும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறை தென்பட்டால் குத்தகையாளர் வாயிலாகக் காப்புறுதி நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவித்து, காவல் நிலையத்திலும் புகார் செய்து, அதன் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.