எம்பெக்-2, எம்பெக்-4: டிடிஎச் பெட்டிக்குள் நடப்பது என்ன?

பம்மல் மெயின் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் பல மொட்டை மாடிகளில் டிஷ் ஆன்டெனா தெரியும். அந்தச் சிறிய டிஷ்ஷில் நூற்றுக்கணக்கான சேனல்கள் எப்படி வந்து சேர்கின்றன? படத்தைச் சுருக்கி அனுப்புவதால்தான். இதற்கு வீடியோ கம்ப்ரஷன் என்று பெயர். கம்ப்யூட்டரில் பைல்களை ஜிப் செய்வது போன்றதுதான் இது. ஆனால் ஜிப் செய்தால் எதுவும் குறையாது. வீடியோவில் கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரங்கள் நீக்கப்படுகின்றன.

ஏன் சுருக்க வேண்டும்?

சாதாரண டிவி படம் 720 x 576 புள்ளிகள் கொண்டது. விநாடிக்கு 25 படங்கள். சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 166 மெகாபிட் தேவை. செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரில் போவதோ சுமார் 38 மெகாபிட். ஒரு சேனல்கூட நுழையாது!

எப்படிச் சுருங்குகிறது?

செய்தி வாசிப்பவரின் முகம் அசையும், பின்னணி அசையாது. எனவே ஒரு படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்த படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறார்கள். இதற்காகப் படம் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. மழையில் சிக்னல் குறைந்தால் படம் சதுரம் சதுரமாக உடைவது இதனால்தான். சேனல் மாற்றியதும் படம் வரத் தாமதமாவதற்கு, அடுத்த முழுப் படத்துக்காகப் பெட்டி காத்திருப்பதும் ஒரு காரணம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ், எம்பெக்-2 முறையில் வந்தது. இதுவே பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் ஆனது. எம்பெக்-2 முறையில் ஒரு சேனலுக்குச் சுமார் 4 மெகாபிட் வேண்டும். எம்பெக்-4 குடும்பத்தைச் சேர்ந்த எச்.264, 2003இல் வந்தது. ஏறக்குறைய பாதி அளவிலேயே அதே தரம் கிடைக்கும். 2007இல் தொடங்கிய சென்னையின் சன் டைரக்ட், இந்தியாவில் முதன்முதலாக எம்பெக்-4 முறையில் வந்த டிடிஎச் சேவை.

பெட்டி வாங்கும்போது

எம்பெக்-4 பெட்டி, எம்பெக்-2 சேனல்களையும் காட்டும். பழைய எம்பெக்-2 பெட்டியோ எம்பெக்-4 சேனல்களைக் காட்டாது. டிஷ்ஷை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லை! டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இரு வகைச் சேனல்களும் வந்துள்ளன. எனவே பெட்டியின் அட்டையில் எம்பெக்-4, டிவிபி-எஸ்2 என்ற இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் பார்க்க

சில இலவச சேனல் பெட்டிகளில் நிகழ்ச்சியைப் பென் டிரைவில் பதிவு செய்யலாம். அந்த பைல் கம்ப்யூட்டரில் ஓடவில்லையா? பைல் கெட்டுவிட்டது என்று உடனே அழித்துவிடாதீர்கள். அதற்குரிய கோடெக் இல்லாமல் இருக்கலாம். விஎல்சி பிளேயரை இலவசமாக நிறுவுங்கள். எம்பெக்-2, எம்பெக்-4 இரண்டையும் அது இயக்கும்.