மாடரேட்டர் (மாட்) ஆகப் போகும் கோலியனூர் தம்பிக்கு



"அண்ணே, மாட் ஆகணும்னா யார்கிட்ட கேக்கணும்?" என்று எழுதியிருந்தாய். யாரிடமும் கேட்காதே. மொபைல் கேம் சேனல் நடத்துகிறவர்களுக்கும் கஸ்டம் ரூம் போடுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி தினமும் வருகிறது. கேட்டு வருகிறவனைப் பார்த்தாலே, பெயருக்குப் பக்கத்தில் அந்த நீல ஸ்பேனர் படம் வந்தால் போதும் என்று வருகிறானோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிடும். ஒரே குழுவில் சில மாதம் இரு. ரூம் ஐடி, பாஸ்வேர்டு எப்போ வரும், என் டீமுக்கு எந்த ஸ்லாட் என்று புதிதாக வந்தவன் பத்தாவது தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல். எவனாவது அசிங்கமாக எழுதினால் சாட்டில் அவனோடு மல்லுக்கு நிற்காமல், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அட்மினுக்குத் தனியாக அனுப்பு. அட்மின் ஊருக்குப் போகிற வாரம் ஒன்று வரும். அப்போது அவரே உன்னைக் கூப்பிடுவார்.

கூப்பிட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் பெரிய விஷயம்.

பொங்கல் கபடியில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதான் ரைடு தொடங்கும். ரூமுக்கும் அப்படித்தான். விதிகளை ஆட்டத்துக்கு முன்பே எழுதிச் சாட்டின் மேலே பின் (pin) செய்துவிடு. ஒருவன் காலில் மிதித்த பிறகு கோடு போட்டால், அவனுக்காகவே போட்டதாகத்தான் ஊர் பேசும். எதிரணியோடு கூட்டுச் சேரும் டீமிங், மொபைல் ஆட்டத்தைக் கணினியில் ஆடும் எமுலேட்டர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த குற்றங்கள்; அவற்றை எழுதுவது சுலபம். எழுதக் கஷ்டமான விதி ஒன்று இருக்கிறது: ஆட்டத்தின் நடுவே நெட் போனால் என்ன தீர்ப்பு?

இந்த ஒரு கேள்வியில் உலகத் தரத்து நடுவர்களே திணறியிருக்கிறார்கள். 2020இல் கொரோனாவால் செஸ் ஒலிம்பியாடை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஆன்லைனில் நடத்தியது. ஓர் அணிக்கு ஆறு பலகை. அதில் பெண்களும் இளையவர்களும் கட்டாயம். காலிறுதியில் இந்தியாவோடு மோதிய ஆர்மீனியாவின் மார்டிரோஸ்யான், நம் நிஹால் சரீனோடு ஆடும்போது இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார். ஆர்மீனியா முறையிட்டது. முறையீடு தள்ளுபடியானது. அவர்கள் கோபத்தில் போட்டியை விட்டே விலகினார்கள்.

அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 30, இறுதிப் போட்டி. ரஷ்யாவுக்கு எதிரான முதல் சுற்று 3-3 என்று சமன். இரண்டாம் சுற்றில் நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போனது. அன்று உலகின் பல நாடுகளில் இணையம் முடங்கியிருந்தது. முதலில் ரஷ்யா வென்றதாக அறிவிப்பு வந்தது. இந்த முறை முறையிட்டது நாம். முறையீட்டுக் குழு ஆதாரங்களை எல்லாம் பார்த்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கடைசியில் ஃபிடே தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு அணிக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

ஒரே போட்டி, ஒரே மாதிரி விபத்து, இரண்டு தீர்ப்பு. இந்தியா என்பதால் சலுகையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். என் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. ஒருவன் வீட்டு நெட் போனால் அது அவன் பொறுப்பு. ஊருக்கே போனால் அது எவன் பொறுப்பும் அல்ல. ஆனால் இந்த வேறுபாட்டை ஆட்டத்துக்கு முன்பே தெளிவாக எழுதி வைத்திருந்தால், முதலில் ஒருவரை வென்றவராக அறிவித்துவிட்டுப் பிறகு மாற்றும் சங்கடம் வந்திருக்குமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

உனக்கு இது செஸ் கதை இல்லை தம்பி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மாவட்டத்தில் கரன்ட் போனது, டவர் போனது. அந்த மாதிரி ராத்திரியில் கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து ஒரு ஸ்குவாட், கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஸ்குவாட் ஒரே ரூமில் இருந்தால் என்ன செய்வாய்? "ஒரு டீமில் ஒருத்தருக்கு நெட் போனால் மேட்ச் தொடரும், ஒரே ஏரியாவில் இத்தனை டீம் ஒன்றாக விழுந்தால் மேட்ச் ரத்து, மறுநாள் மறு மேட்ச்" என்று எண்ணிக்கையோடு முன்பே எழுதி வை. எத்தனை டீம் என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். எண் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இன்னொன்றையும் அந்த ஒலிம்பியாடிலிருந்து எடுத்துக்கொள். தீர்ப்புச் சொன்னவரைத் தவிர வேறொருவரிடம் முறையிட வழி இருந்தது. நீ தடை செய்தவன் உன்னிடமே வந்து கெஞ்சும்படி வைக்காதே. வேறொரு மாட் பார்க்கட்டும். அவர் உன் முடிவை மாற்றினால் சாட்டில் முகம் சுளிக்காதே. உன் நண்பனோ, உன் தெருக்காரனோ சம்பந்தப்பட்ட வழக்கை நீ தொடவே தொடாதே. ஹேக் என்று புகார் வந்தால் கில் எண்ணிக்கையைப் பார்த்துத் தூக்கிவிடாமல், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேள். தடை செய்தால் எந்த விதி, எந்த நேரம், என்ன ஆதாரம் என்று ஒரு வரி எழுதி வை. ஆறு மாதம் கழித்து அவன் வந்து கேட்பான். உனக்கு ஞாபகம் இருக்காது.

சாட்டைக் காப்பது வேறு வித்தை. தடைச் சொல் பட்டியல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. நம் பையன்கள் தமிழ் வசவை ஆங்கில எழுத்தில், நடுவில் எண் போட்டு, இடைவெளி விட்டு, இமோஜி செருகி எழுதுவார்கள். எந்தப் பட்டியலும் பிடிக்காது. பட்டியலை அகலமாக்கினால் வேறு கூத்து. எல்லோருக்கும் தெரிந்த ஒரு வசவின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைத் தடுத்துப் பார், மயிலத்துக்காரன் தன் ஊர்ப் பெயரையே எழுத முடியாது. மயிலாடுதுறைக்காரனும் அவனோடு மாட்டுவான். மெஷின் சந்தேகப்பட்டதை மனுஷன் பார்த்து விடுவிக்க வேண்டும். அந்த மனுஷன் நீதான்.

நம் மாவட்டத்தில் வசவைவிட ஆபத்தானது சாதி. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை ஒட்டிய தகராறில் 2023 ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அப்படியொரு செய்தி ஓடும் வாரத்தில் "நீ எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று ஒருவன் சாட்டில் கேட்டால் அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் மாட் சிரித்துவிட்டுக் கடந்து போவார். உனக்குத் தெரியும் அது எதற்கென்று. கேள்வியை நீக்கு, கேட்டவனுக்கு டைம் அவுட் கொடு, விளக்கம் தனியாகச் சொல். எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்ற படிக்கட்டெல்லாம் சாதிக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பெண் பிள்ளைகளுக்கு இன்பாக்ஸில் தொல்லை கொடுப்பவனுக்கும் அப்படியே. மைக் போட்டால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஊமையாகவே விளையாடும் பெண்கள் நிறையப் பேர். தொல்லைக்கு ஆளானது சின்னப் பிள்ளை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீயே அந்தக் குடும்பத்துக்குச் சொல்.

காசு விஷயம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஜிபேயில் வாங்கி, ஜெயித்த டீமுக்குப் பரிசு கொடுக்கும் ரூம்கள் உன் பக்கத்திலும் நடக்கும். அதற்கு ஸ்லாட் பிரித்துக் கொடு என்று உன்னைக் கூப்பிட்டால் போகாதே. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. இ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி வழி உண்டு, ஆனால் அதற்கு அங்கீகாரமும் பதிவும் வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பது அதில் சேராது. கேமுக்குள் செலவழிக்கும் யூசியைப் பாதி விலைக்குத் தருகிறேன், ஐடி விற்கிறேன் என்று வருகிறவனை உடனே வெளியேற்று. எவனாவது ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்கச் சொல். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணம் நிற்க வாய்ப்பு.

சம்பளம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாய். பெரும்பாலும் கிடைக்காது. அதனால் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஷிப்ட் எடுக்காதே, காலையில் உனக்கு காலேஜ் பஸ் இருக்கிறது. ஒருவரே எல்லா இரவும் பார்க்கும் குழுவில் சேராதே.

விதிகளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. நெட் போகும் விதியை மட்டும் முதலில் படிக்கிறேன். அதில் "மாட் முடிவே இறுதி" என்ற வரியைப் போட்டிருந்தால் அடித்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
விழுப்புரத்திலிருந்து உன் அண்ணன்