போலி மின்னேற்றியும் புதுமையின் தேக்கமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை நாம் யாவரும் அறிவோம். பூனைக்குக் கிடைத்தது கோடு, கிடைக்காதது வலிமை. போலிப் பொருள்களின் இலக்கணமும் இதுவே. கண்ணுக்குத் தெரிவதை அவை நகல் எடுக்கும், தெரியாததை விட்டுவிடும்.

1734இல் நெசவாளர்களுக்கென எழுந்தது சிந்தாதிரிப்பேட்டை. தறி ஒலித்த அப்பேட்டையில் இன்று ரிச்சி தெரு மின்னணுப் பொருள்களின் பெருஞ்சந்தையாக விளங்குகிறது. செய்முறை வகுப்புக்கு வேண்டிய மின்தடையும் மின்தேக்கியும் வாங்க நாம் அங்கேதான் செல்கிறோம். நாணயமான வணிகர் அங்கே பலர். எனினும், இத்தகைய சந்தை எதுவாயினும் அசலுக்கு அருகே போலியும் தலைகாட்டுவது உலக இயல்பு. சார்ஜர் என்று நாம் வழங்கும் கைப்பேசி மின்னேற்றியையே எடுத்துக்கொள்வோம்.

வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். மின்னேற்றி அதனை 5 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தருகிறது. உள்ளே உயர் அழுத்தப் பகுதியையும் தாழ் அழுத்தப் பகுதியையும் ஒரு சிறு மின்மாற்றி பிரித்து வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி, சுருள்களுக்கு உறுதியான காப்பு, பாதுகாப்புச் சோதனையில் தேறிய மின்தேக்கி, உருகி ஆகியவை உயிர்காப்பன. போலி செய்வோர் முதலில் கைவைப்பது இவற்றில்தான். ஏனெனில் இவை குறைந்தாலும் கைப்பேசிக்கு மின்னேறும். வாங்கியவருக்கு ஐயம் எழாது. காப்பு முறியும் நாளில்தான் உண்மை வெளிப்படும். அன்று உயர் அழுத்த மின்சாரம் கைக்கே வந்துவிடும்.

இதனால் புதுமைக்கு வரும் கேடு யாது? ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி இதனை விளக்கினார். 2001இல் நோபல் பரிசும் பெற்றார். நல்லதையும் தீயதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குவோர் நல்லதற்குரிய விலையைத் தர முன்வரார். அவ்விலை கட்டாமல் நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகும். பிறகு எவர்தாம் பொருள் செலவிட்டு ஆராய்வார்? ஆராய்ச்சியின் பயன் பெட்டிக்குள் மறைந்திருக்க, விற்பது மேலுறை மட்டுமே!

மலிவே குற்றம் என்று நான் கூறவரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால்வைத்த முதல் ஆள் நான். மலிவான கைப்பேசி இல்லையேல் பாடக்குறிப்புகள் பல எனக்கு எட்டியிரா. ஆனால் மலிவு வேறு, போலி வேறு. அலங்காரத்தைக் குறைத்து விலையைக் குறைப்பது மலிவு. காப்பைக் குறைத்துப் பிறர் பெயரில் விற்பது போலி. கைப்பேசி கெட்டால் மறுநாளே வேறொன்று வாங்க இயலாத வீட்டில்தான் அதன் அடி பலமாக விழுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2012ஆம் ஆண்டு அரசாணையால் மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு முறை வந்தது. மின்னேற்றியும் அதில் அடங்கும். பொருளின் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். அவ்வெண் மெய்யா பொய்யா என்பதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் நாமே சரிபார்க்கலாம். குறியையும் போலியாக அச்சிடக்கூடும். ஆதலால் எண்ணைச் சரிபார்ப்பதே அறிவுடைமை.

நண்பர்களே! அறிவியல் பயில்வோர் நாம். நம் வீட்டிலும் தெருவிலும் உள்ளோர்க்கு இதனை எடுத்துரைப்பது நம் கடமையன்றோ? கேட்டு வாங்குவோர் பெருகினால், ஆராய்ந்து செய்வோரும் பெருகுவர்.