23,000 ரூபாய் எஸ்டிமேட், 2,000 ரூபாய் வேலை: பழைய கார் வச்சிருக்கவங்க ஸ்டியரிங்கை எப்படிப் பார்க்கணும்?



போன வீடியோல கார் லோன் பத்திப் பேசினப்போ கமெண்ட்ல நிறைய பேர் கேட்டது இதுதான்: "வீட்டுல பழைய கார் இருக்கு, செலவு வச்சுக்கிட்டே இருக்கு. வித்துட்டுப் புதுசு எடுக்கலாமா?" இதுக்கு என் வீட்டுக் கதையையே சொல்றேன். இதுல தப்பு என் மேலயும் இருக்கு.

ராஜபாளையத்துல அப்பா ஓட்டுறது 2012 மாடல் ஆல்டோ. சனிக்கிழமை ஆனா அம்மாவைக் கூட்டிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டு வருவார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனா அது கொல்லம் போற நெடுஞ்சாலை, லாரியும் பஸ்ஸும் ஓயாது. ஆறு மாசத்துக்கு முன்னாடி போன்ல, "ஸ்டியரிங் கொஞ்சம் லூசா இருக்குப்பா, ஸ்பீட் பிரேக்கர்ல டக் டக்னு சத்தம் வருது"ன்னார். "பழைய வண்டி அப்படித்தான்ப்பா இருக்கும்"னு சொல்லிட்டு நான் போனை வச்சுட்டேன்.

ஊருக்குப் போனப்போ நானே ஓட்டிப் பார்த்தேன். நேர் ரோட்டுலயும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கிட்டே இருக்க வேண்டியிருந்துச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டோம். மேலோட்டமா பார்த்துட்டு எஸ்டிமேட் கொடுத்தாங்க:

- ஸ்டியரிங் ரேக் அசெம்பிளி: 14,800
- லோயர் ஆர்ம் 2: 4,400
- லேபர்: 3,200
- அலைன்மென்ட்: 600
- மொத்தம்: 23,000

முன் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு, அது தனி. "இவ்வளவு செலவு பண்றதுக்குப் புதுசே எடுத்துரலாம்"னு எனக்கே தோணுச்சு. 6 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 வருஷம்னா மாசம் சுமார் 12,600 இஎம்ஐ. வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டினோம்.

அவர் பார்த்த விதம்

1. வண்டி தரையில நிக்கும்போதே என்னை ஸ்டியரிங்கை லேசா இடம் வலம் ஆட்டச் சொன்னார். அவர் கீழ குனிஞ்சு, சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற டை ராட் எண்டைப் பார்த்தார். ராட் அசையுது, ஆனா சக்கரம் கொஞ்சம் தாமதமாத்தான் அசையுது. தேய்மானம் அந்த மூட்டுலதான்.

2. அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்தை இடது வலது ஓரத்துல (கடிகாரத்துல 9, 3 இருக்கிற இடம்) பிடிச்சு ஆட்டினார். இந்த வாக்குல ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட், இல்ல ரேக் எண்ட் போயிருக்கலாம்.

3. மேலயும் கீழயும் (12, 6) பிடிச்சு ஆட்டினார். இதுல ஆட்டம் இருந்தா பால் ஜாயின்ட், இல்ல வீல் பேரிங். பிரேக்கை மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங்தான். எங்க வண்டில இந்த ஆட்டமே இல்ல. அப்போ லோயர் ஆர்ம் எதுக்கு மாத்தணும்?

4. ரப்பர் பூட் எல்லாத்தையும் பார்த்தார். பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளிய போகும், தூசியும் தண்ணியும் உள்ள போகும், மூட்டு சீக்கிரம் தேயும்.

வலது டை ராட் எண்ட் சுத்தமா போச்சு, இடதுல பூட் கிழிஞ்சிருக்கு, ரேக் நல்லா இருக்கு. "தம்பி, இது கழண்டுச்சுன்னா அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது"ன்னார். அம்மா அப்பாவோட அந்த சனிக்கிழமைப் பயணங்கள்தான் எனக்குக் கண்ணு முன்னாடி வந்துச்சு.

(நீங்க வீட்டுல பார்க்கிறதா இருந்தா முதல் சோதனையும் பூட்டும் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க.)

கடைசி பில்

- டை ராட் எண்ட் 2: 900
- லேபர்: 600
- வீல் அலைன்மென்ட்: 500
- மொத்தம்: 2,000
- முன் டயர் 2: 6,400

இந்த ரெண்டு தொகையையும் தனித்தனியா பாருங்க. 2,000 பார்ட் தேஞ்சதுக்கான செலவு. 6,400 நான் ஆறு மாசம் தள்ளிப் போட்டதுக்கான செலவு. மூட்டுல ஆட்டம் இருந்தா சக்கரம் நேரா நிக்காது, டயர் ஓரமா தேயும். டை ராட் எண்ட் மாத்தினா அலைன்மென்ட் கண்டிப்பா பண்ணணும், இல்லன்னா புது டயரும் அதே மாதிரி போகும். ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தினதும் அதுக்குத்தான்: அலைன்மென்ட் காசு ஒரு தடவையோட முடியும்.

ஒரு சி.ஏ.வா நாலு விஷயம்

இன்சூரன்ஸ்: தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் தராது. அது விபத்து கிளெய்ம்ல தேய்மானக் கழிவைத் தவிர்க்க மட்டும்தான். வண்டியை நல்ல நிலையில வச்சிருக்கணும்ங்கிறது பாலிசி நிபந்தனைகள்லயே இருக்கு.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவுப்படி, சாதாரண கவனத்துலயே தெரிஞ்சிருக்கக்கூடிய ஆபத்தான குறையோட வண்டி ஓட்டுறது குற்றம். "எனக்குத் தெரியாது"ன்னு தப்பிக்க முடியாது.

ஜி.எஸ்.டி.: 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் உதிரி பாகங்களுக்கு 18%தான். பில்லுல இன்னும் 28% போட்டிருந்தா கேளுங்க.

ஆர்.சி.: சொந்த காருக்கு 15 வருஷம். அப்புறம் ஃபிட்னஸ் பார்த்து 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். எங்க வண்டிக்கு 2027-ல வருது. அதையும் கணக்குல சேர்த்துட்டுத்தான் விக்கிறதா, வச்சிக்கிறதான்னு முடிவு பண்ணணும்.

அப்போ விக்கலாமா, வேண்டாமா?

ஒரு எஸ்டிமேட்டைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீங்க. ஒரு வருஷ ரிப்பேர் செலவை ஒரு வருஷ இஎம்ஐயோட வச்சுப் பாருங்க. எனக்கு இஎம்ஐ வருஷத்துக்கு 1,51,200. 23,000 எஸ்டிமேட்டே உண்மையா இருந்திருந்தாலும் வண்டியை வச்சிக்கிறதுதான் லாபம். பாடி துருப்பிடிச்சு, இன்ஜினும் போச்சுன்னா அது வேற கணக்கு.

எஸ்டிமேட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும், "இந்தப் பார்ட்டுல ஆட்டம் எங்க இருக்கு, காட்டுங்க"ன்னு கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்கிப் பாருங்க. ஆடிட்ல வவுச்சர் பார்க்காம பில் பாஸ் பண்ண மாட்டோம், இங்கயும் அதே பழக்கம்தான்.

ஊர்லேருந்து அப்பா போன்ல "வண்டில ஏதோ சத்தம் வருதுப்பா"ன்னு சொன்னா, என்னை மாதிரி போனை வச்சுடாதீங்க. அந்த வாரமே ஒரு மெக்கானிக்கிட்ட காட்டச் சொல்லுங்க.

உங்க வண்டிக்கு வந்த எஸ்டிமேட் அனுபவத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல பார்ப்போம்.