வடபுலப் பறவைகளும் வளைய ஆய்வும்

மார்கழியும் தையும் பிறந்துவிட்டால் நம் சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளுக்கு விருந்தினர் வந்து சேர்கின்றனர். செம்பரம்பாக்கத்தின் ஆழங்குறைந்த ஓரங்களில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மிதக்கின்றன. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிகளின் ஈரக்கரையில் வாலாட்டிகளும் உள்ளான்களும் இரை தேடி நடக்கின்றன. மாலையில் மின்கம்பிகளின்மேல் தகைவிலான்கள் வரிசையாக அமர்கின்றன. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்லும் நாம் இவற்றையெல்லாம் உள்ளூர்ப் பறவைகள் என்றே எண்ணிக் கடந்து போகிறோம். இவற்றுட் பலவும் பனிமலைக்கு அப்பாலுள்ள நாடுகளிலும், அதற்கும் வடக்கே சைபீரியப் புல்வெளிகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை என்பதை எத்துணைப் பேர் அறிவோம்? அவ்வடபுலத்தைப் பற்றி அறிவியல் இதுவரை அறிந்தவற்றுள் சிலவற்றையேனும் நம் ஏரிக்கரையில் நின்றபடி அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவை வடக்கிலிருந்து வருகிறது, வடக்கே மீள்கிறது என்னும் செய்தி தமிழனுக்குப் புதிதன்று. சத்திமுற்றப் புலவர், தென்திசைக் குமரியில் நீராடி வடதிசை செல்லும் செங்கால் நாரை இணையிடம் தம் வறுமையைத் தம் மனைவிக்குச் சொல்லுமாறு தூது விடுகிறார். புறநானூற்றில் பிசிராந்தையாரும் குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலைக்குச் செல்லும் அன்னத்தை விளித்துப் பாடியுள்ளார். இவற்றை வெறுங் கற்பனை என்று ஒதுக்குதல் பொருந்தாது. செங்கால் நாரை இன்றும் வலசை வரும் பறவையே. திருக்குர்ஆன் கூறும் சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலும் தொலைநாட்டுச் செய்தி கொணர்ந்தது ஹுத்ஹுத் என்னும் பறவைதான். நம் தோட்டங்களில் உலவும் கொண்டலாத்தி அதுவே. பறவையைச் செய்தி கொணர்வதாகக் காணும் பார்வை இலக்கியத்திற்கு உரியதாக நெடுங்காலம் இருந்தது. அதனை அறிவியலாக்கியது ஒரு சிறு உலோக வளையம்.

ஐரோப்பியர் நெடுங்காலம் இதில் தெளிவின்றி இருந்தனர். குளிர்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன என்பதற்குச் சேற்றில் புதைந்து உறங்குகின்றன என்பன போன்ற விளக்கங்களையே அவர்கள் நம்பிவந்தனர். 1822-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிடிபட்ட ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தியபடியே இருந்தது. அது எங்கே போய் வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 1899-இல் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மார்ட்டென்சென் என்னும் பள்ளி ஆசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சார்ந்த பறவைகளின் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். வளையமிடும் முறை அவ்வாறு தோன்றியது. ஒரு பள்ளி ஆசிரியரின் ஓய்வுநேர முயற்சி உலகளாவிய ஆய்வுமுறையாக வளர்ந்தது என்பதை ஆசிரியப் பணியை நாடும் நம் மாணவர்கள் நினைவிற்கொள்ளல் நலம்.

இந்தியாவில் 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920-களின் பிற்பகுதியில் தார் மன்னரின் துணையோடு சிறிய அளவில் வளையமிடும் பணியைத் தொடங்கியது. ஆயினும் அதனை ஒரு பேராய்வாக வளர்த்தவர் சாலிம் அலி ஆவார். 1896-இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருதீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, அஃது உண்ணத்தக்கதோ என ஐயுற்றார். அவர் கொண்டுசென்ற குருவியை இன்னதென்று விளக்கியவர் கழகத்தின் செயலாளர் மில்லர்டு. அந்த ஐயமே அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் அவருக்கு வேலை கிட்டவில்லை. பின்னர் பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்றார். வடகடலில் உள்ள ஹெலிகோலாந்துத் தீவின் ஆய்வகத்தில் வளையமிடும் கலையைக் கற்றார். தாயகம் திரும்பியபோது அவர் முன்பு வகித்த அருங்காட்சியகப் பணியிடமும் நீக்கப்பட்டிருந்தது. கையில் வேலையில்லாத அந்நாளில், 1930-இல், கிஹிம் என்னும் கடலோர ஊரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கி எழுதிய கட்டுரையே அவரை அறிவுலகிற்கு அறிமுகம் செய்தது. பட்டம் பெறாதவர் மேற்கொண்ட பணி என்று எவரும் அதனைத் தள்ளிவிடவில்லை.

வலசை ஆய்வுக்கு வேண்டிய பொருள் அவருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. அது கிட்டியது ஒரு நோயினால் என்பது வியப்பிற்குரியது. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. அடுத்து மனிதர்களும் கடுங்காய்ச்சலுற்றனர். கண்டறியப்பட்ட நச்சுயிரி, உருசியக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் நச்சுயிரிக்கு நெருங்கிய உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகளே இதனைக் கொணர்ந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. இதனை ஆராய உலக நலவாழ்வு நிறுவனம் துணைநின்றது. 1959-இல் வலசை ஆய்வுத் திட்டம் தொடங்கிற்று. பறவை பிடிக்கப்பட்டது, உண்ணி சேகரிக்கப்பட்டது, காலில் வளையம் ஏறியது. பின்னாளில் இத்திட்டத்திற்கு அமெரிக்கப் படைத்துறை சார்ந்த பணமும் வந்ததால், 1970-களின் நடுவில் நாடாளுமன்றக் குழு வரை வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களை நாம் குறைகூற மாட்டோம். ஆய்வுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமையே. நோயைப் பொறுத்தவரை, அக்காட்டு உண்ணிகளும் சிறு விலங்குகளும் குரங்குகளுமே அதன் சுழற்சியில் பங்குகொள்பவை எனத் தெளிவாயிற்று. பறவைகள்மீது சாட்டிய குற்றம் நிறுவப்படவில்லை. ஆயினும் அக்குற்றச்சாட்டின் பயனாகப் பல்லாயிரம் பறவைகளின் பயணக் கணக்கு நமக்குக் கிடைத்தது.

அப்பணியில் நூலறிவு பெற்றோர் மட்டும் ஈடுபடவில்லை. பறவையைக் காயமின்றிப் பிடிப்பதே இதில் அரிய கலையாகும். பீகாரில் மிர்ஷிகார் எனப்படும் முஸ்லிம் வேடர் குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கண்ணியும் வலையும் வைத்துப் பிழைத்தவர்கள். அவர்களுள் அலி உசேன் போன்றோர் அத்திறத்தை ஆய்வுக்கு ஈந்தனர். பிடித்த பறவையை விற்றுப் பிழைத்த கைகள், பிடித்துப் பெயர் குறித்துப் பறக்கவிடும் கைகளாயின. விருதுப் பட்டியல்களில் இவர்கள் பெயரை நாம் அதிகம் காண்பதில்லை.

தமிழகத்தில் இவ்வாய்வின் களம் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமான அவ்வுப்புச் சதுப்பில் கழகத்தார் ஆண்டுதோறும் வலைவிரித்துக் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் முதலியவற்றுக்கு வளையமிட்டு வந்துள்ளனர். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தாண்டுவதரிது. நம் உள்ளங்கையில் அடங்கும் அச்சிற்றுயிர், சைபீரியாவின் வடமுனையான தைமீர் நிலப்பகுதி போன்ற இடங்களிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் கடந்து நம் கடற்கரையை அடைகிறது. 1980-களில் கரண்டிமூக்கு உள்ளானும் அங்கே பதிவாயிற்று. உருசியாவின் கீழ்க்கோடியில் மட்டுமே கூடுகட்டும் அப்பறவை இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. சீனத்திற்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுத் திட்டுகளைத் தூர்த்து நிலமாக்கியது அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். ஒரு நாடு தன் கரையைத் தூர்த்தால் இன்னொரு நாட்டின் கரை வெறுமையாகிறது.

இனி, வடபுலத்து ஆய்வுகளுள் நம்மைப் பெரிதும் வியப்பிலாழ்த்திய ஒன்றைச் சொல்ல விழைகிறோம். வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் இளம்பறவைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் மிகுந்தும் சில ஆண்டுகளில் அருகியும் காணப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாண்டுக் கணக்கை ஒப்பிட்ட அறிஞர்கள் இவ்வேற்றத்தாழ்வு ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழல்வதைக் கண்டனர். காரணம் பனிநிலத்து எலியினமான லெம்மிங் ஆகும். லெம்மிங் பெருகிய ஆண்டில் பனிநரி அதனைத் தின்று வயிறு நிறைகிறது. உள்ளானின் கூட்டை நாடுவதில்லை. லெம்மிங் அருகிய ஆண்டில் பசித்த நரி முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடி உண்கிறது. ஆதலின் சைபீரிய எலியின் பெருக்கமும் குறைவும் வெப்பநாட்டுக் கடற்கரையில் நிற்கும் இளம்பறவைகளின் தொகையில் தெரிகின்றன. இதனை ஒருவர் ஓராண்டில் கண்டறிந்திருக்க இயலாது. முன்னோர் எழுதிவைத்த எண்கள் இருந்தமையால்தான் பின்னோர்க்கு இவ்வுண்மை புலப்பட்டது.

2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு மனத்தைக் கலங்கச் செய்வது. தைமீரில் பனி முன்னைவிட விரைந்து உருகுகிறது. பூச்சிகள் முந்திப் பெருகி முந்தி மறைகின்றன. குஞ்சுகள் பொரிக்கும் வேளையில் உணவு குறைகிறது. அதனால் அங்குப் பிறக்கும் ஓர் உள்ளான் இனத்தின் குஞ்சுகள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் வளர்கின்றன. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மேற்கு ஆப்பிரிக்க மூரித்தானியாவின் கரையிலோ சிப்பிகள் மணலின் ஆழத்தில் உள்ளன. குட்டை அலகு அவற்றை எட்டுவதில்லை. வடக்கே பனி உருகியதன் பயனாகத் தெற்கே பறவை பட்டினி கிடக்கிறது!

அறிஞரும் பிழைபடுவர் என்பதற்கும் இவ்வாய்வு வரலாற்றில் சான்று உண்டு. சைபீரியக் கொக்கை 17-ஆம் நூற்றாண்டிலேயே முகலாய ஓவியர் உஸ்தாத் மன்சூர் நுட்பமாகத் தீட்டியுள்ளார். மேற்குச் சைபீரியாவிலிருந்து இராசத்தானத்தின் பரத்பூருக்கு அது குளிர்காலந்தோறும் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் பரத்பூர் தேசியப் பூங்காவாகியபோது எருமைகள் மேய்வது தடைசெய்யப்பட்டது. சாலிம் அலியும் அத்தடையை ஆதரித்தார். ஊரார் எதிர்த்தபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் அவருடைய கழகமே பத்தாண்டுக் காலம் அங்கு நிகழ்த்திய ஆய்வு, எருமைகள் மேயாமையால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிப் பறவைகளுக்கே தீங்காயிற்று என்று முடிவு கூறியது. தம் தலைவரின் கருத்துக்கு மாறான முடிவை மறைக்காது வெளியிட்ட அந்நேர்மையை நாம் வளையங்களைவிடப் பெரிதாக மதிக்கிறோம். சாலிம் அலி 1987-இல் மறைந்தார். வலசை வழியில் வேட்டையாடப்பட்டு அருகிப்போன அக்கொக்கும் 2002-க்குப் பின் பரத்பூருக்கு வரவில்லை.

நம் புறநகருக்கு மீள்வோம். ஏரி நிரம்பித் ததும்பினால் நாம் மகிழ்கிறோம். குடிநீர்க்கு அது வேண்டுவதே. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. ஆனால் உள்ளானுக்கு வேண்டுவது விரல் ஆழமே உள்ள நீரும் அதனை அடுத்த ஈரச்சேறும் ஆகும். தை முதல் பங்குனி வரை நீர் மெல்ல வடியும்போது சரிவான கரையில் அத்தகைய சேறு புதிது புதிதாகத் தோன்றுகிறது. பறவைகளுக்கு அதுவே பந்தி. இன்று ஏரிகளைச் சீரமைக்கிறோம் என்று கரையைச் செங்குத்தாக உயர்த்தி, அடியைக் கிண்ணம்போல் தோண்டி, சுற்றிலும் நடைபாதை இடுகிறோம். நடைபாதை நல்லதே, முதியோர் நடக்க இடமாயிற்று. ஆயினும் ஒரு பக்கத்தையேனும் பழைய சரிவோடு விட்டுவைக்கலாகாதா? கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். நீரின் தூய்மைக்காக வழக்காடுவோர் கரையின் சரிவுக்காகவும் பேச வேண்டிய காலம் இது.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் தனிப்பணி உண்டு. பி. எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களை அறிவியற் பெயர்களோடு பொருத்திக் காட்டினார். மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி இனிய தமிழில் எழுதினார். ஆயினும் பூந்தமல்லி வயல்களில் உழவரும், ஆவடி ஏரியில் வலைவீசுவோரும் வழங்கும் பறவைப் பெயர்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பெறவில்லை. ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கிறது. 1987-இல் தொடங்கிய அப்பணிக்கு ஒரு குறிப்பேடும் ஒரு தொலைநோக்கியும் விடியற்காலை இரண்டு மணி நேரமும் போதும். இன்று நாம் குறிக்கும் எண் எதற்குப் பயன்படும் என்று இன்றே கூறுதல் அரிது. லெம்மிங்கை நினைத்துக் கொண்டு கணக்கிட்டவர் எவரும் இலர்.

காலில் வளையமுள்ள பறவையை உயிரோடோ இறந்தோ கண்டால் வளையத்தின் எண்ணையும் எழுத்துகளையும் பிழையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட இடம், நாள், பறவையின் நிலை ஆகியவற்றையும் எழுதி மும்பையிலுள்ள அக்கழகத்திற்குத் தெரிவியுங்கள். உயிருள்ள பறவையாயின் வளையத்தைக் கழற்ற முயலாமல் பறக்கவிடுங்கள். வண்ணக்கொடியோ கழுத்துப்பட்டையோ இருந்தால் அதன் நிறத்தையும் எந்தக் காலில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.